இரண்டு முறை கேட்பவர்

பவானி அக்காவின் அழைப்பு வந்தபோது அச்சகத்தில் ஒரு கலியாண அழைப்பிதழுக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, இவர் போயிட்டார்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, சந்தேகம். உடனே அக்குறணை நஸார் நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் அப்போது பேராதனை ஆஸ்பத்திரியில்தான் நின்றார். "மெய்தான் தங்கச்சி, பக்கத்துலதான் ஈக்கிறன்" என்றார். அதன் பிறகுதான் அழுதேன். தேவராஜ் அண்ணனை அறிந்தவர்கள் இதற்காக என்னைக் கோபிக்க மாட்டார்கள். "நல்ல சேதியோ கெட்ட சேதியோ, ரெண்டு வாயால கேட்டாத்தான் சேதி" என்று எங்களைக் கெடுத்து வைத்தவரே அவர்தான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கண்டி மஹய்யாவையில் பிறந்தவர். யுத்த காலத்தில் இராணுவத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து வடக்கே போனார். அதிகாரி சிங்களத்தில் கேட்பதைத் தமிழாக்கிக் கேட்க வேண்டும், வரும் பதிலைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. சில வருடங்களில் வேலையை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்துப் பெண்ணான பவானி அக்காவைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார். சீருடை போட்ட தமிழனை இராணுவமும் நம்பியிருக்காது, எங்கள் தெருவும் நம்பவில்லை. அக்கா சந்தைக்குப் புறப்பட்டால் பஸ் வரும்வரை இவர் கூடவே நிற்பார். அது பாசமா காவலா என்று குழாயடியில் பெரிய வழக்கே நடக்கும். நான் காவல் கட்சி.

நஸார் நானாவின் கடை மாடியில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அவர் முதன்முதலில் வந்த அன்று, கவிதை கொண்டு வந்திருந்தவர்கள் அதைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்கள். அவர் நேரே போய்க் கதவோரக் கதிரையில் உட்கார்ந்தார். அங்கே ஏன் உட்காருகிறீர்கள் என்று ஒருவர் வெடுக்கென்று கேட்டேவிட்டார். "இங்க இருந்தா நீங்க எல்லாரும் என்னைப் பார்க்கலாம், நானும் உங்க எல்லாரையும் பார்க்கலாம். யாருக்கும் வீண் கவலை இல்லை" என்றார் சிரிக்காமல். நாங்கள்தான் சிரித்தோம். சிரித்தாலும் கவிதைகள் அன்று பையை விட்டு வெளியே வரவில்லை.

அவரோடு பழகியவர்களுக்கு அவரது பெரிய தொல்லை ஒன்று நினைவிருக்கும். எதையும் இரண்டு முறை கேட்பார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்பார். மாத்தளைக்கு என்று சொல்லியிருப்பேன். அடுத்த கிழமை சாவகாசமாக, "அன்னைக்கு மாத்தளையில நல்ல மழையாமே?" என்பார். விசாரணை அறையில் பழகிய பழக்கம். முதல் பதில் வாயிலிருந்து வரும், இரண்டாவது பதில்தான் ஆளிடமிருந்து வரும் என்பது அவர் கணக்கு. அக்காவிடம் ஒருமுறை இதைச் சொல்லி நொந்துகொண்டேன். "நான் ஒவ்வொரு தரமும் வேற பதில் சொல்லுவன். மனிசன் களைச்சுப் போகட்டும்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பிறகுதான் அந்த நாவல் வந்தது. 'எதிர்வீட்டுக் காவல்' என்ற அவருடைய ஒரே நாவலைக் கணினியில் தட்டியவளும் பிழை திருத்தியவளும் நான். வடக்கில் ஒரு சிறு பட்டினம். ஓர் இளம் ஆசிரியையின் அண்ணன் இயக்கத்தில் இருக்கிறான். அவனைப் பிடிப்பதற்காக அவளைக் கண்காணிக்கச் சொல்லி, இராணுவ மொழிபெயர்ப்பாளன் ஒருவனை எதிர்வீட்டில் குடியிருத்துகிறார்கள். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அவள்மேல் காதல் வந்துவிடுகிறது. கடைசியில் சோதனைச் சாவடியில் அவளை நிறுத்தி, "இவள்தானா?" என்று அதிகாரி கேட்கிறார். "இவள் இல்லை" என்கிறான் அவன். அவள் கடந்து போகிறாள். பின்னால் அவளைத் தேடிப்போய்க் கைப்பிடிக்கிறான். இதை பஸ்ஸில் வாசித்து இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவர்கள் கண்டியில் பலர். வெளியீட்டன்று இது உங்கள் கதைதானே என்று கேட்டவர்களுக்கு "கதை" என்ற ஒரு சொல்லைத்தான் கொடுத்தார். முன்வரிசையில் இருந்த பவானி அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

பிழை திருத்துகிறவள் எழுத்துப் பிழையோடு நிற்க வேண்டும். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. அச்சுக்குப் போகுமுன் அவரிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, மேலதிகாரிகிட்ட பொய் சொல்லி ஆளைத் தப்பவிட்டவனை இராணுவம் சும்மா விடுமா? தண்டனை இல்லை, விசாரணை இல்லை. வேலையை விட்டுட்டேன்னு சொல்லிட்டு அவளையே போய்க் கட்டிக்கிறான். யாரும் ஏன்னு கேக்கலை. கதையில பெரிய ஓட்டை இருக்கே?" "இருக்கட்டும் தங்கச்சி. ஒழுகுற வீட்டுலயும் ஆளுங்க குடியிருக்காங்க" என்றார். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அவனை அவளிடம் அனுப்பியதே இராணுவமாக இருந்தால் ஓட்டையே இல்லை. அண்ணன் என்றைக்காவது தங்கையைத் தேடி வருவான், அதுவரை கூடவே இரு என்று சொல்லி அனுப்பியிருந்தால்? கலியாணமே ஓர் உத்தரவாக இருந்தால்?

புத்தகம் வந்த சில நாளில் பவானி அக்கா அச்சகத்துக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, "அந்த ஓட்டையை நீங்களும் கண்டனீங்கள்தானே?" என்றார். மறைத்துப் பயனில்லை. கண்டேன் என்றேன். "சாவடியில இவர் அந்த அதிகாரிக்குச் சிங்களத்தில என்னவோ சொன்னவர். எனக்கு அப்ப ஒரு சொல்லும் விளங்காது. இவள் இல்லை எண்டும் சொல்லியிருக்கலாம். விடுங்கோ, பின்னால போய்ப் பிடிப்பம் எண்டும் சொல்லியிருக்கலாம்" என்றார். அத்தனை வருடம் ஒரே வீட்டில் சமைத்துப் போட்டு, காய்ச்சலுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்து, இந்தக் கேள்வியோடு படுத்து எழுந்திருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவர் போன எட்டாம் நாள், செலவுச் சடங்குக்குப் போனபோது அக்கா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார். "கறிக்கு உப்புக் காணுமோ எண்டதையே ரெண்டு தரம் கேக்கிற மனிசன், அண்ணாவைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம். கடைசியா ஆஸ்பத்திரியில கேட்டார். உங்க அண்ணன் சுகமா இருக்காரா எண்டு."

"என்ன சொன்னீங்க?"

"அண்ணா செத்து எவ்வளவோ காலம் எண்டு சொன்னனான்." அடுப்பைத் தணித்துவிட்டுத் தொடர்ந்தார். "அண்டைக்குக் காலமைதான் அண்ணா போனில கதைச்சவர். ரெண்டாந்தரம் கேப்பார்தானே, அப்ப உண்மையைச் சொல்லுவம் எண்டு காத்துக்கொண்டிருந்தன். கேக்கேல்லை. சொல்லுங்கோ தங்கச்சி, அண்டைக்குக் கேட்டது இவரோ, இவரை அனுப்பினவங்களோ?"

அந்த ஆஸ்பத்திரி நாட்களை நினைத்துப் பார்த்தேன். அக்காவிடம் அதைக் கேட்ட பிறகும் சில நாள் தேவராஜ் அண்ணன் தெளிவாக இருந்தார். எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று தாதியை இரண்டு முறை கேட்டார். கடையின் கூரை வேலை முடிந்ததா என்று நஸார் நானாவை இரண்டு முறை கேட்டார். பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. இந்த ஒன்றை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. "அக்கா, நீங்க சொன்னது பொய்யுன்னு அவருக்கு அந்த நிமிசமே தெரிஞ்சிருக்கும். வேலைக்காகக் கேட்டவர்னா விட்டிருக்க மாட்டாரு. உங்களுக்காகத்தான் விட்டாரு" என்றேன். அக்கா வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் போன நாளிலிருந்து அப்போதுதான் அக்கா அழுததைப் பார்த்தேன்.

நஸார் நானா இதை ஏற்கவில்லை. நோயாளி, மறந்திருப்பார் என்கிறார். சாவடியில் என்ன சொன்னார் என்பதும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. நாவலின் ஓட்டையும் அப்படியேதான் இருக்கிறது. அக்காவின் அண்ணன் எந்த ஊரில் இருக்கிறார் என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இவ்வளவையும் எழுதச் சொன்னதே பவானி அக்காதான். அந்த எட்டாம் நாள் மாலை, வீடு நிறைய ஆட்கள் இருக்க, இத்தனை காலம் மறைத்து வைத்த தன் அண்ணனுக்குப் போன் எடுத்து, கூடத்தில் இருந்தபடியே குரலைத் தாழ்த்தாமல் பேசினார். "அண்ணா, இவர் உங்களைச் சுகம் கேட்டவர்" என்றார். யாரையும் லேசில் நம்பாத நான் தேவராஜ் அண்ணனிடமிருந்து வைத்துக்கொள்வது அந்தச் சுகவிசாரிப்பைத்தான். அது சுகவிசாரிப்பு மட்டும்தான் என்று நம்புகிறேன்.