நட்சத்திரத்தின் ஐந்து ரெசிஸ்டர்கள்

2003 டிசம்பர் 20, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்தேன், ஆறரை மணிப் பூசைக்குப் போய் வந்தேன், எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். எங்கள் ராயபுரம் வீட்டு வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம் முந்தைய வருடம் பல்புச் சூட்டில் பழுப்பேறிப்போனது. அதனால் இந்த முறை எல்இடிதான் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சாயங்காலம் கோவிலிலிருந்து கிறிஸ்துமஸ் பாட்டுக்குழு வருவதற்குள் அது எரிய வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் மூன்று சிவப்பு எல்இடி, மின்சாரம் அளவோடு போக ஒரு ரெசிஸ்டர், எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர். பதினொன்றரைக்கு ஐந்து முனைகளும் எரிந்தன.

அப்போது என் மனைவியின் தம்பி வந்தான். துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். மின்சாரமே தன் சொல்லைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்று நினைப்பவன்.

“இன்னா மாமா, ஊதுவத்தி ஏத்தி வெச்சிகீறியா?” என்றான்.

நான் குளிக்கப் போனேன். திரும்புவதற்குள் ரெசிஸ்டர்களை வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களை முறுக்கி இணைத்திருந்தான். சாக்கடை அடைப்பை எடுத்தவனின் பெருமை அவன் முகத்தில் இருந்தது.

“கரண்ட்ட அடைச்சிகினு இருந்திச்சி, எடுத்துட்டேன்” என்று சுவிட்சைப் போட்டான். ஒரு நொடி பளீரென்று எரிந்தது. பிறகு பதினைந்தும் அணைந்தன.

“மால் டூப்ளிகேட்டு மாமா” என்றான்.

நட்சத்திரத்துக்குள் அறுபது வாட் பல்பு ஒன்றை மாட்டினான். பாட்டுக்குழு அதைத்தான் பாராட்டியது. அவனும் கூச்சமில்லாமல் தலையாட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, குப்பை முறத்திலிருந்து ரெசிஸ்டர்களைப் பொறுக்கி மீட்டரில் அளந்தேன். ஐந்தும் சரியாக இருந்தன.