ஊத்தலாமா, பரிமாறலாமா

அடையாற்றில் நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் ‘ஊத்து’ என்ற வார்த்தைக்குத் தடை இருந்தது. உருக்கிய உலோகத்தை நாள் முழுக்க ஊற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்த வார்த்தையையே சொல்லக்கூடாது என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும்? எனக்கும் முதலில் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஸ்கூட்டர் எஞ்சினுக்கான மூடி ஒன்றை முதலில் அலுமினியத்திலும், பிறகு அதைவிட லேசான மெக்னீசியக் கலவையிலும் வார்த்துக் காட்ட வேண்டும். மண் அச்சில் நிதானமாக வார்ப்பது வேறு. இது டை காஸ்டிங். எஃகு அச்சை இறுக மூடிவிட்டு, உருகிய உலோகத்தை ஒரு குழாய்க்குள் ஊற்றினால், பின்னாலிருந்து ஒரு தண்டு அதை ஓங்கி அச்சுக்குள் தள்ளும். கண் மூடித் திறப்பதற்குள் மூடி தயார். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே காற்று சிக்கிப் பொத்தல் பொத்தலாகக் கிடக்கும்.

அந்தப் பொத்தலைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பக்கத்து அறையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மூடியின் வாய்களை ரப்பரால் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீரில் அமுக்கிப் பிடிப்பேன். குமிழி வந்தால் ஓட்டை. எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்று என் முகத்தையே பார்ப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை மாட்டினால் வண்டி ரோடு பூராவும் எண்ணெய்க் கோலம் போட்டுக்கொண்டே போகும் என்பேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘ஓட்டை மேடம்’ என்று பெயர். தெரிந்துதான் இருந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மெஷினை ஓட்டியவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். வரிசையாகக் குமிழியாகவே வந்துகொண்டிருந்த ஒரு நாள் அவர்தான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “காலைலேருந்து ஊத்து ஊத்துன்னு சொல்லிக்கினு கீறோம். ஊத்திக்காம இன்னா பண்ணும்? வேற பேரு வெய்யி சார்.”

அவர் ‘சார்’ என்றது அச்சையும் தண்டின் வேகத்தையும் கவனித்துக்கொண்ட ஆராய்ச்சியாளரை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை. சார் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இனிமேல் பரிமாறுவோம் என்றார். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் யாரும் உலோகத்தை ஊற்றவில்லை. பரிமாறினோம். ஒவ்வொரு முறையும் கரண்டி சாய்வதற்கு முன்னால் சார் என் பக்கம் திரும்பி, “பரிமாறலாமா?” என்று கேட்பார். உத்தரவு கொடுக்க நான் யார்? ஆனாலும், “பரிமாறுங்க” என்று நான் சொன்ன பிறகுதான் கரண்டி சாயும். எப்படி வந்தது அந்த வழக்கம் என்று ஞாபகமில்லை. அதைக் கேட்பதற்காகவே தினமும் சீக்கிரம் கிளம்பினேன் என்பது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் அதை யாரிடம் போய்ச் சொல்வது? மேற்கு மாம்பலத்தில் எங்கள் ஆத்தில் சொன்னால் அடுப்பே அணைந்துவிடும். அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், பாதி எலுமிச்சை ஊறுகாய் என் டப்பா மூடியில் வந்து விழும். அதையெல்லாம் ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி.

மெக்னீசியம் வந்தபிறகு வேலை இன்னும் கஷ்டமாயிற்று. உருகினால் தானே பற்றிக்கொள்ளும் சனியன் அது. மேலே கந்தகப் பொடியைத் தூவிக்கொண்டே இருக்க வேண்டும். தீப்பிடித்தால் தண்ணீர் படக்கூடாது, மணல்தான். சாயங்காலம் என் புடவை முழுக்கக் கந்தக நாற்றம். பஸ் கண்டக்டர், “இன்னாம்மா, மத்தாப்பு கம்பெனியா?” என்பார். அம்மா என்னை நேராகக் கிணற்றடிக்குத்தான் விடுவாள். அவர் சட்டையிலும் அதே நாற்றம்தானே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

அவருடையது தற்காலிக வேலை. டெல்லியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கப் போவதாகவும், அதற்குள் குமிழி வராத மூடி ஒன்றைக் காட்டாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள் என்றும் தெரிந்தது. மூடினால் அவர் கடைக்குப் போக வேண்டியதுதான். தகரம் உருக்கினது போதும், கல்லாவில் வந்து உட்கார் என்று அவர் அப்பா கெடு வைத்திருந்தார். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் அவரே சொன்னார்: “இது மட்டும் நல்லா வந்துட்டா, அப்பாட்ட எதையும் தைரியமாப் பேசலாம்.”

எதையும் என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன்!

வழி என் வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அவசரம். புனல் நிறையச் சாய்த்ததும் ‘களக்’ என்று விக்கிக்கொண்டு வெளியே கொப்பளித்துக் கையெல்லாம் வழிந்தது. ரேஷன் எண்ணெயை இப்படிக் கொட்டுகிறாயே என்று அம்மா கத்தினாள். நான் புனலையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் மெதுவாக விட்டால் உள்ளே இருக்கும் காற்று தானாக வெளியே வந்துவிடும். நாங்கள்தான் எடுத்த எடுப்பிலேயே தண்டை முழு வேகத்தில் தள்ளி, காற்றையும் சேர்த்து அச்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். மண்ணெண்ணெய், புனல், அம்மாவின் திட்டு, எல்லாவற்றையும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மெஷினின் வால்வைக் கழற்றி மாற்றுவதிலேயே பல வாரங்கள் போயின. பாதி வழி வரைக்கும் தண்டு மெதுவாக நகர வேண்டும். காற்று போன பிறகு ஒரே தள்ளு. எப்போது மெதுவாக, எப்போது வேகமாக என்று சரிபார்த்துச் சரிபார்த்து எங்கள் பொறுமையெல்லாம் போயிற்று. கபாலீஸ்வரர் கோயிலில் வேறு வேண்டிக்கொண்டேன். விஞ்ஞானம் படித்தவள்தான், அதற்கென்ன?

குழு வந்த அன்று அவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். கோட்டுப் போட்ட பெரியவர்கள் நடுவில், “பரிமாறலாமா?” என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பரிமாறுங்க என்றேன்.  பிறகு அந்த மூடியைத் தொட்டியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. கை மரத்துப்போகும் வரை பிடித்திருந்தேன். ஒரு குமிழி இல்லை. நிமிர்ந்தபோது எல்லாரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் வந்ததில்லை.

குழுவோடு வந்திருந்தவர்களில் பம்பாய்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். இந்த முறையை அங்கே நிறுவ ஆள் வேண்டும் என்று எங்கள் சாரைக் கேட்டார்கள். நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ். செய்தி கூடம் முழுக்கப் பரவியும் அவர் என்னிடம் பேச்செடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில்தான் சொன்னார்.

“அப்பாட்ட பேசிட்டேன்.”

நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“பம்பாய் போகச் சரின்னு சொல்லிட்டாவ.”

ரொம்ப சந்தோஷம் என்றேன். என் நீளமான வாயில் அவ்வளவுதான் வந்தது. அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பஸ் வந்துவிட்டது.

தோற்றிருந்தால் அவர் ரங்கநாதன் தெருவில் துணி கிழித்துக்கொண்டு இருந்திருப்பார். மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தை ஏறி இறங்கினால் கடை. ஒரு ரவிக்கைத் துணி வாங்குகிற சாக்கில் போய்ப் பார்த்திருக்கலாம். அந்தப் புனலை நான் கவனிக்காமலே இருந்திருக்கலாம். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன், பலித்தும்விட்டது. ஆனாலும் இன்றைக்கும் அந்தப் பாலத்தில் ஏறினால், கடை இருந்த பக்கம் கண் போகத்தான் செய்கிறது.

அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். முதல் நாள், உலோகம் தயாராக இருந்தது. கரண்டி நிறைந்திருந்தது. அவருக்கு எங்கள் வழக்கமெல்லாம் தெரியாது.

“ஊத்தலாமா மேடம்?” என்றார்.

சிந்தாதிரிப்பேட்டைக்காரர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

“ஊத்துங்க” என்றேன்.

மூடி ஒரு குமிழிகூட இல்லாமல் வந்தது.