செய்தி முதலில் வரவேண்டிய எண்

பிள்ளையை இழந்த தாயிடம் அந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொல்வது எங்கள் டோலோ குலத்தில் வழக்கமில்லை. கேப் டவுனிலோ ரஸ்டன்பர்க் சுரங்கத்திலோ எங்கள் ஆள் ஒருவர் கண்ணை மூடினால், அங்கிருப்பவர்கள் ஊரில் இதற்கென்றே இருக்கும் ஒருவரை முதலில் அழைப்பார்கள். அவர் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்து போவார். உரியவளைப் பாயில் உட்கார வைத்த பிறகே வாயைத் திறப்பார். அதுவரை மற்றவர்கள் மூச்சு விடுவதில்லை.

வெலாபி பெரியப்பாவுக்குக் கால் தளர்ந்த பிறகு இந்தப் பொறுப்பு பகாமிலேவுக்கு வந்தது. குடும்பத்தின் பிறப்பு, மணம், இறப்புகளைக் குறித்து வைப்பது என் வேலை என்பதால், அவரைப் பற்றியும் நடந்ததை நடந்தபடி எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. ஆனா போன் கம்பெனிக்காரனைத் திட்டாதே. தப்பு அவன் பேர்ல இல்ல" என்றார்.

பகாமிலே நகராட்சியில் கிரேடர் வண்டி ஓட்டுகிறார். எங்கோபோ நகரத்திலிருந்து எங்கள் ஊர் டுவாலேனி வரை மழை அரித்த மண்சாலையை மட்டப்படுத்துவது அவருடைய வேலை. அதிகம் பேசாதவர். சாவு சொல்லப் போகையில் அணிவதற்கென்றே ஒரு கறுப்புக் கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். போன வீட்டில் எடுத்த எடுப்பில் எதையும் சொல்ல மாட்டார். முதலில் ஒரு குவளை தண்ணீர் கேட்பார். அதைக் கொண்டுவந்து கொடுக்கும் நேரத்தில் அந்த வீடு தன்னைத் திடப்படுத்திக்கொள்ளும். இந்தப் பக்குவத்தை அவருக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. "டோலோ வந்து சொன்னா தாங்கிக்கலாம்" என்று, அவரைக் குலப்பெயரால் குறிப்பிட்டுப் பெண்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

அவரிடம் இருந்த பழைய கைபேசியின் பின்மூடி ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிய மருமக்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். "மாமா, இதை மியூசியத்துல கேக்குறாங்க" என்றான் ஒருவன். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று முதல் நாலு பேர் இருக்கும் இடத்தில் அதைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

மார்ச் மாதத்தில் எங்கோபோ கடையொன்றின் கண்ணாடியில் விளம்பரத்தைப் பார்த்தார். வேறொரு நிறுவனம் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு மூன்று கேமரா வைத்த பெரிய போனைத் தருவதாகச் சொன்னது. எண்ணும் மாறாது, நிறுவனம் மட்டுமே மாறும். சம்பளச் சீட்டோடு உள்ளே போனார்.

"எந்த ஊருப்பா?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"டுவாலேனி."

அவள் திரையில் வரைபடத்தை விரித்தாள். மாவட்டம் முழுவதும் நீலமாக இருந்தது. டுவாலேனியும் நீலத்துக்குள்தான் இருந்தது. "வருதுன்னு காட்டுது. ஆனா உங்க ஊரு பள்ளத்துல இருக்குல்ல? இந்தக் கம்பெனி வச்சிருக்கிற யாரையாச்சும் கேட்டுட்டு வந்தீங்கன்னா நல்லது. கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம்பா."

"எங்க ஊர்ல எல்லாரும் அந்தப் பழைய கம்பெனிதான்மா."

"எல்லாருமேவா? ஏன்?"

"பழக்கம்" என்றார் பகாமிலே.

ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கடை வாசலில் நின்று புதுப் போனைத் தூக்கிப் பார்த்தார். சிக்னல் நிறைய இருந்தது. வேலைக் கூடாரத்திலும் இருந்தது. அன்று மாலை ஊர்க் கடையில் எல்லாருக்கும் முன்னால் அதை எடுத்து வைத்து, அவருடைய இயல்புக்கு ஒவ்வாத ஒரு பேச்சைப் பேசினார். "நீங்கள்லாம் இன்னும் அந்த ஒரே கம்பெனியக் கட்டிக்கிட்டு அழறீங்க. உலகம் எங்கேயோ போயிடுச்சு." பொத்தானை அழுத்தி எல்லாரையும் ஒரு படமும் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது திரையின் மேல் மூலையில் ஒரு கோடுகூட இல்லை. மாட்டுப்பட்டிச் சுவர்மேல் வைத்துப் பார்த்தார். கூரைமேல் ஏறிப் பார்த்தார். பழைய நிறுவனத்தின் கோபுரம் ஆற்றுக்கு அக்கரையில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எங்களைப் பார்த்தபடி நிற்கிறது. புதியதன் கோபுரம் மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் மலை. இது வரைபடத்துக்குத் தெரியாவிட்டாலும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அவருடைய மனைவி நோபாண்டு அன்றே சொன்னாள். "கேப் டவுன்ல தெம்பேலாவுக்கும் வெளியூர்ல இருக்கிற மத்தவங்களுக்கும் என் நம்பரக் குடுத்திடுங்க. அவ்வளவுதானே?"

"குடுத்தா ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? மூணு கேமரா இருக்கு, ஒரு கோடு இல்லேன்னா?"

ஒப்பந்தத்தை முறித்தால் போனின் விலையை மொத்தமாகக் கட்ட வேண்டும். அது அவரால் ஆகாது. ஆனால் அவரைத் தடுத்தது அதுவல்ல. கடையில் பேசிய பேச்சைத் திரும்ப விழுங்க வேண்டுமே என்பதுதான். ஆகவே காலையிலும் மாலையிலும் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறத் தொடங்கினார். அங்கே சிக்னல் எட்டும். தவறிப்போன அழைப்புகள் வந்து விழும். அவர்களைத் திரும்ப அழைப்பார். ஏன் எடுக்கவில்லை என்றால் சார்ஜ் இல்லை என்பார். எங்கே போகிறீர்கள் என்று வழியில் கேட்டால் பசுவைத் தேடி என்பார். "டோலோ, உன் பசு தினமும் தொலையுதே. அதுக்கும் ஒரு போன் வாங்கிக் குடுத்துடேன்" என்று பக்கத்து வீட்டுக்காரன் கத்துவான். அவர் சிரித்துக்கொண்டே ஏறுவார்.

இவ்வாறு டிசம்பர் வந்துவிட்டது. இறைவன் புண்ணியத்தில் அதுவரை சாவு இல்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ஆளாகும் சடங்குக்காக ஊருக்கு வெளியே குடிசையில் தங்கியிருந்த பையன்கள் ஆண்களாகத் திரும்பும் விழா நடந்தது. பகாமிலே காலையிலிருந்தே மாட்டுப்பட்டி ஓரத்தில் ஆண்களோடு இருந்தார். புதிய போனுக்கு அன்றுதான் உண்மையான வேலை கிடைத்தது. கம்புகளை உயர்த்திப் பாடிக்கொண்டு வந்தவர்களையும், போர்வை போர்த்திய புதிய ஆண்களையும் அவர் விடாமல் படம்பிடித்தார். "டோலோ, என்னையும் எடு" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அந்தப் போன் இருப்பதற்காக அவர் மகிழ்ந்த ஒரே நாள் அதுதான் என்று என்னிடம் சொன்னார். அன்று காலை அவர் மேட்டுக்கு ஏறவில்லை.

கேப் டவுனில் அன்று விடிகாலையில் ஒரு வேன் டாக்சி கவிழ்ந்தது. அதில் லுவூயோ இருந்தான். அவன் பகாமிலேவின் இறந்துபோன அண்ணனின் ஒரே மகன். எங்கள் முறைப்படி பகாமிலேவுக்கும் மகன்தான். அவனோடு தங்கியிருந்த தெம்பேலா, பகாமிலேவின் அக்காள் மகள், மருத்துவமனை வாசலிலிருந்து மாமாவை அழைத்துக்கொண்டே இருந்தாள். வேறு யாரையும் அழைக்கவில்லை. அழைக்கக் கூடாது என்பதை அவள் அறிவாள்.

லுவூயோவின் நண்பர்களுக்கு அது தெரியாது. அவன் படத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தியை வைத்து வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். அது எப்படியோ சுற்றி, அடுத்த ஊரில் இருந்த மாட்லோமோவின் கைக்கு வந்தது. லுவூயோவின் தாய் மாம்பெலேவுக்கு அவள் தேவாலய மாதர் சங்கத் தோழி.

மாம்பெலே விழா வீட்டின் பின்புறம் பெண்களோடு உட்கார்ந்து மாட்டுக் குடல் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்னப் போன் கூவியது. கை முழுதும் அழுக்கு. "யாராச்சும் அழுத்துங்கடி, ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். பக்கத்திலிருந்தவள் அழுத்தினாள்.

"ஐயோ மாம்பெலே, என் தங்கச்சி, கர்த்தர் உன்னைத் தேத்துவாரு. மனசத் தளர விடாதே."

"யாருக்காகடி என்னைத் தேத்துற, மாட்லோமோ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள் மாம்பெலே. "நான் நல்லாத்தானே இருக்கேன்."

மறுமுனையில் பேச்சு நின்றுபோனது. அந்த மௌனத்தில்தான் மாம்பெலே தன் மகன் இறந்ததை அறிந்தாள். தண்ணீர் கேட்க ஒருவரும் வரவில்லை. பாய் இல்லை. கைகள் குடல் பாத்திரத்துக்குள் இருந்தன.

பெண்களில் மூத்தவள் மாட்டுப்பட்டிக்கு ஓடினாள். "டோலோ! உங்க வீட்டுல ஏதாச்சும் ஆயிருக்கா? உங்களுக்கு வந்திருக்கணுமே?"

பகாமிலே திரும்பினார். "எனக்கு ஒண்ணும் வரலியே. போன்ல சார்ஜ் இல்ல."

அவர் கையிலிருந்த போன் அப்போதும் படம்பிடித்துக்கொண்டிருந்தது. திரையில் வெளிச்சம் எரிந்தது. அங்கிருந்த ஆண்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். அந்த மூத்தவளுக்குப் பின்னால் வந்து நின்ற நோபாண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேட்டைப் பார்த்து ஓடினார். பசுவைப் பற்றி அன்று ஒருவரும் கேட்கவில்லை.

மேட்டில் போன் ஓயாமல் ஒலித்தது. தெம்பேலாவின் குரல்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கடைசியில் அவள் அழுகையை அடக்கிக்கொண்டு பேசியிருந்தாள்: "மாமா, எடுங்க. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அத்தைக்கு நீங்கதான் சொல்லணும். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். எங்கள் அடக்கத்தில் குடும்பத்து ஆண் ஒருவர் எழுந்து, சாவு எப்படி நேர்ந்தது, செய்தி எப்படி வீட்டுக்கு வந்தது என்று கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். அது பகாமிலேவின் கடமை. பந்தலுக்குள் போகுமுன் வெலாபி பெரியப்பா அவர் கையைப் பிடித்தார். "மின்வெட்டுல டவர் நின்னு போச்சுன்னு சொல்லிடு. நம்ம ஊர்ல நடக்காததா? ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

உண்மையில் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காரணம் எல்லாரும் உடனே நம்பக்கூடியது. பகாமிலே கறுப்புக் கோட்டோடு எழுந்தார். போர்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள் மாம்பெலே.

"லுவூயோ என் அண்ணன் மகன். அப்படின்னா என் மகன்" என்று தொடங்கினார். விபத்தைச் சொன்னார். "அவன் போன செய்தி காலையிலேயே என்னைத் தேடி வந்துச்சு. என் போனு இந்த ஊர்ல எடுக்காது. வாங்கின அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. சார்ஜ் இல்லைன்னேன். பசுவைத் தேடுறேன்னேன். அதனாலதான் எங்க அண்ணி தன் பிள்ளை செத்ததைக் குடல் கழுவிக்கிட்டுக் கேட்டாங்க."

எங்கள் வழக்கத்தில் பேசுபவர் தடுமாறினால் பெண்கள் உடனே ஒரு பாட்டை எடுத்து அவரைக் காப்பாற்றுவார்கள். அன்று பாட்டு எழவில்லை. யாரோ வெறுப்போடு நாக்கைச் சொடுக்கினார். உட்காரலாமா என்று தெரியாமல் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் பாடத் தெரிந்தவள்தான். நானும் எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துப் போதகர்தான் தொடங்கினார்.

அடக்கத்துக்குப் பிறகு குழி வெட்டிய மண்வெட்டிகளைக் கழுவும் சடங்குக்குக் குடும்பம் மீண்டும் கூடியது. பீர்ச் சட்டி ஒரு சுற்று வந்ததும் வெலாபி பெரியப்பா தொண்டையைச் செருமினார். "இனி செய்தி யாருக்கு வரணும்?"

"டோலோ பழைய கம்பெனில இன்னொரு சிம் வாங்கிக்கட்டும். முடிஞ்சுது" என்றார் ஒருவர்.

"வேண்டாம்" என்றார் பகாமிலே. "இனிமே நான் ஒரு வீட்டுல போயி தண்ணி கேட்டா, அவங்களுக்கு அண்ணி ஞாபகம்தான் வரும்."

ஒருவரும் மறுக்கவில்லை. மறுப்பார்கள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன்.

"என் நம்பரக் குடுங்க" என்றாள் மாம்பெலே.

பெரியப்பா தயங்கினார். "பொம்பளைங்க இந்த வேலையைச் செஞ்சதில்லையேம்மா."

"ஆம்பள செஞ்சதத்தான் பார்த்தோமே."

மாம்பெலே பகாமிலேவின் பக்கம் திரும்பாமலேயே பேசினாள். "எனக்கு இருந்தது ஒருத்தன். இனிமே அந்தப் போனு அடிச்சா எனக்குன்னு பயப்பட ஒண்ணுமில்ல. மத்தவளுங்களுக்கு நான் நடந்து போயி சொல்றேன். என் போனு வீட்டுக்குள்ளயும் எடுக்கும்."

பெரியப்பா எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு பகாமிலேவிடம், "அப்போ நம்பர் மாறினத வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு நீதான் சொல்லணும்" என்றார்.

பகாமிலே கையை நீட்டினார். நோபாண்டு தன் போனைக் கொடுத்தாள். எல்லாரும் பார்த்திருக்க, அங்கேயே உட்கார்ந்து முதலில் தெம்பேலாவை அழைத்தார்.

"நான் மாமா பேசுறேன். இனிமே ஏதாச்சும்னா என்னைக் கூப்பிடாதே. மாம்பெலே அத்தையக் கூப்பிடு."

அவள் ஏதோ கேட்டாள். ஏன் என்றுதான் கேட்டிருப்பாள். எதிரே மாம்பெலே கழுவிய மண்வெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பகாமிலே எல்லாருக்கும் கேட்கும்படி காரணத்தைச் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கவில்லை. பிறகு ரஸ்டன்பர்க்கில் இருப்பவரின் எண்ணை நோபாண்டு எடுத்துக் கொடுத்தாள். அவரும் ஏன் என்று கேட்டார்.