எண்ணப்படாத மூச்சு

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்கு 'நிதானம்' என்றுதான் பெயர். எதற்கும் அவசரப்படமாட்டாள். முந்நூறு படுக்கைகளிலிருந்தும் நோயாளிகளின் மூச்சு அளவுகள் கோடிக்கணக்கில் வந்து குவியும். அவற்றைச் சலித்து யாருக்குத் தடுமாறுகிறது என்று சொல்ல, பழைய நிரலுக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. அவள் மூன்று வருடம் மெனக்கெட்டு, 'ஃபங்ஷனல்' வகைக் கணினி மொழி ஒன்றில் புதிதாக எழுதினாள். அந்த மொழிக்கு ஒரு குணம் உண்டு: விடையை யாராவது கேட்கும்வரை கணக்கைத் தொடாது.

காலை பத்து மணிக்குப் பழையதை நிறுத்திப் புதியதை ஓட்டினார்கள். இரண்டே நொடி. சுவர்த்திரையில் படுக்கைக்கு ஒன்றாக முந்நூறு விளக்குகளும், மூச்சு சீர் என்று பச்சையாயின.

"உனக்குப் போய் நிதானம்னு பேரு வச்சோம் பாரு!" என்றார் மேலாளர். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் அந்த இரண்டு நொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து வார்டிலிருந்து செவிலி கூப்பிட்டாள்.

"அக்கா, பன்னெண்டாம் படுக்கை பச்சையா எரியுதே?"

"எரிஞ்சா நல்லதுதானே?"

"அவரு காலையில ஆறு மணிக்கே தவறிட்டாருக்கா. கட்டில் காலியாக் கெடக்கு. யாரோட மூச்சு அது?"

அவள் நிரலைத் திறந்தாள். விடை சேர்ந்ததும் பச்சை என்று எழுதியிருந்தாள். சேர்ந்திருந்தது விடையல்ல, கேட்டால் எண்ணித் தருகிறேன் என்ற வாக்குறுதி. மூச்சு தடுமாறினால் சிவப்பாக்கும் வேலையும் யாராவது கேட்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஒவ்வொரு கட்டிலா நேர்ல போய்ப் பாருங்கம்மா, இப்பவே!"

"முந்நூறு பேருக்கு நாங்க நாலே பேருதான், அக்கா!"

எல்லா விடைகளையும் கட்டாயமாகக் கேட்கும் ஒரு வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். நினைவகம் நிரம்பி வழிந்தது. இயந்திரத்தின் விசிறி ஓலமிட்டது.

"என்னம்மா, இன்னுமா ஓடுது?" என்றார் மேலாளர்.

"இப்பதான் சார் ஓடுது. காலையில அது ஒண்ணையும் எண்ணல. பழையத உடனே போடச் சொல்லுங்க. ஒம்போது நிமிஷம் தாண்டிடுச்சு, இது அதவிட மெதுவு."

"மேலிடத்துல ரெண்டு செகண்டுன்னு சொல்லிட்டேனே! உன் மூணு வருஷம்?"

"போகட்டும் சார். ஃபோனை எடுங்க."

மறுபடி ஓட்டிய பதினோராவது நிமிடத்தில் பன்னிரண்டாம் விளக்கு சிவந்தது. பிறகு நான்காம் படுக்கை. பத்தொன்பது. இருநூற்றாறு. அவள் அந்தப் படுக்கை எண்களை ஒவ்வொன்றாக வார்டுக்குத் தொலைபேசியில் படித்தாள். அந்தப் பக்கம் ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. காலடிகள் ஓடித் தேய்ந்தன. அவள் தன் ரிசீவரைக் காதில் வைத்தபடியே இருந்தாள். யாரும் திரும்ப எடுக்கவில்லை.