தைப்பிங் மலையும் என் வீட்டுக்காரர் காதும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் குடியிருந்தோம். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. என் வீட்டுக்காரர் கோப்பெங் பக்கம் ஒரு கல்குவாரியில் கல் அரைக்கிற எந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். ஆறு நாளும் தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு வருவார். ஏழாவது நாளாவது காலை நீட்டிப் படுக்கலாம் அல்லவா? மனுசர் மாட்டார். விடிவதற்கு முன்னே எழுந்து, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு தைப்பிங் மலைக்குக் கிளம்பிவிடுவார், வெளிநாட்டுக்காரர்களுக்குப் பறவை காட்ட.

அவர் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே இந்தப் பறவைப் பைத்தியம். ஈப்போவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். அவருக்கும் அதே பைத்தியம். சனிக்கிழமை சாயங்காலமே மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து ஹார்ன் அடிப்பார். மலை அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு ஜீப்பில் மேலே போவார்கள். பிறகு பறவை பார்த்தபடி நடந்தே இறங்குவார்கள். டீச்சர் இங்கிலீஷில் விளக்குவார், இவர் முன்னால் நடந்து பறவையைக் கண்டுபிடிப்பார்.

குவாரியில் இவரை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. எல்லாம் ‘டேய்’தான். மலையில் இவர் கையைத் தூக்கினால் போதும், படித்தவர்கள் நாலு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார் என்று எனக்குத் தெரியும். வாய்க்கு வந்தபடி திட்டுவேனே தவிர, தடுத்ததில்லை.

ஒரு நாள் அடுப்பில் தண்ணீர் கொதித்து, கேத்தல் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் துணி துவைக்கிற இடத்திலிருந்து ஓடி வந்து கத்தினேன். நிதானமாகத் திரும்பிப் பார்த்து, “ஏன் கத்துற? நான் என்ன செவிடா?” என்றார். என் குரல் கேட்டது. அது யாருக்குத்தான் கேட்காது! விசில்தான் கேட்கவில்லை. குவாரி எந்திரம் சன்னமான சத்தங்களை மட்டும் தின்றுவிட்டிருந்தது. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

கொஞ்ச நாளில் மலையிலிருந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். தலைக்கு மேலே பறவை கத்தியதாம். இவருக்குக் கேட்கவே இல்லை, விருந்தாளி முந்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்துவிட்டாராம். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். காது கேட்காதவர் காட்டில் எப்படி வழிகாட்ட முடியும்? டீச்சருக்குத் தெரிந்தால் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டால் இவரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

அடுத்த வாரம் நானும் கிளம்பினேன். சாப்பாடு தூக்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். புளிச்சோறும் நெத்திலி சம்பலும் அடைத்த கேரியர் ஒரு கையில். அட்டைக்குப் பயந்து அவருடைய பழைய முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொண்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே நடந்தேன். குக்குறுவான் மாதிரி கனத்த குரல் என்றால் அவருக்கே கேட்டுவிடும். சன்னமாக ஏதாவது கத்தினால், அவர் சட்டை ஓரத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பேன். இடது பக்கம் கத்தினால் இடது ஓரம், வலது பக்கம் என்றால் வலது. முதல் தடவை முள்ளைத் தட்டுகிற மாதிரி என் கையைத் தட்டிவிட்டார். இரண்டாவது தடவை இடது பக்கம் திரும்பினார். கண் மட்டும் பருந்துக் கண் அவருக்கு. இலைக்குள் ஒளிந்திருந்ததை உடனே பிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு வருசத்துக்கு மேல் இப்படியே போனது.

எனக்குப் பறவைகளின் பேர் எதுவும் ஏறவில்லை. நானே வைத்துக்கொண்டேன். பச்சை உடம்பு, நீல வால், கறுப்புத் தலை, மஞ்சள் முகம் என்று ஒன்று கூட்டமாக வரும். அசல் மோட்டார்சைக்கிள்காரன் தலை. அதற்கு ‘ஹெல்மெட்’ என்று பேர். அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். அதன் குரல் ஊசி மாதிரி மெலிசு. அவருக்குச் சுத்தமாகக் கேட்காது.

அந்த ஹெல்மெட்டைப் பார்க்கத்தான் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வயதானவர், குளிர் நாட்டுக்காரர். அங்கே சதுப்புக் காட்டில், பாசி மேல் பலகை போட்டு ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுகிறவராம். நம் ஆள் செய்கிற அதே வேலை. இன்றைக்கு அவருக்குப் பிடித்துவிட்டால் வருசா வருசம் ஆட்களை அனுப்புவார் என்று டீச்சர் காரிலேயே சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு நிலையில் இல்லை.

முந்தின இரவு மழை. பாதி தூரம் இறங்கியும் ஹெல்மெட் இல்லை. ஒரு வளைவில் வெள்ளைக்காரர் சட்டென்று நின்று தலையைச் சாய்த்தார். ஏதோ சன்னமான சத்தம். என் வீட்டுக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். நான் சட்டையை இழுக்கவே இல்லை. அதற்குள் கையைத் தூக்கி, “அதான், ஹெல்மெட்!” என்றுவிட்டார். எல்லோரும் அசையாமல் நின்றோம். கை வலித்ததால் கேரியரை மறு கைக்கு மாற்றினேன். ‘கீச்’ என்றது. கேரியரின் கைப்பிடி!

வெள்ளைக்காரர் கேரியரைப் பார்த்துச் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். ஆனால் இவர் மட்டும் இன்னும் மரத்தையே தேடிக்கொண்டிருந்தார். டீச்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. கிட்ட வந்து, “தம்பி, அது கேரியர் சத்தம். ஒனக்குக் கேக்கலையா?” என்று கேட்டார்.

மனுசா, சும்மா கிண்டல் பண்ணினேன் என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நானே ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பறவைக்குத் தூக்குகிற மாதிரியே இவர் கையைத் தூக்கினார். வாயை மூடிக்கொண்டேன்.

“சன்னமான சத்தம் எனக்குக் கேக்காது டீச்சர். ரொம்ப நாளாச்சு. இவதான் பின்னால இருந்து சட்டைய இழுத்துக் காட்டிக்கிட்டு வாரா. அவர்கிட்டயும் சொல்லிடுங்க. தூரத்துல இருந்து வந்தவர ஏமாத்தக் கூடாதுலா.”

டீச்சர் மெதுவாக எடுத்துச் சொன்னார். வெள்ளைக்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப இவங்க ஏன் பின்னால நடக்குறாங்கன்னு கேக்குறாரு.”

என் வீட்டுக்காரர் ஓரமாக ஒதுங்கி, என் கையிலிருந்த கேரியரை வாங்கிக்கொண்டார்.

“நீ முன்னால போ.”

“எனக்குச் சத்தம்தான் தெரியும். எங்க ஒக்காந்திருக்குன்னு யாரு கண்டா?”

“போ, நான் வாரேன்.”

முன்னால் யாரும் இல்லாத பாதையில் எனக்குக் காலே ஓடவில்லை. இரண்டு வளைவு தாண்டியிருப்போம். மேலே ஊசி மாதிரி ஒரு குரல், அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒரு கூட்டமே. கையைத் தூக்கினேன். பின்னால் காலடிச் சத்தம் மொத்தமாக நின்றது. எனக்காக நின்றது. நிமிர்ந்து பார்த்தால் எங்கும் இலை, இலை, இலை. ஒன்றும் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

அப்போது என் சட்டை ஓரத்தை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். வலது பக்கம், மெதுவாக, ஒரே ஒரு இழுப்பு.