கலைமதியின் பழைய அப்பா

அந்தோணிசாமிக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஆட்டோ ஓட்டுகிறார். உரக்கப் பேசக்கூடத் தெரியாத இந்த மனிதர் ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானது ஒரு மருத்துவ முகாமில்.

பெருமுக்கல் பக்கத்திலிருந்து முனியம்மாள் தன் ஒன்பது வயது மகள் கலைமதியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். கலைமதிக்கு நடக்க வராது, பேச வராது. முனியம்மாளின் புருஷன் சின்னக்கண்ணுவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கு அடையாள அட்டை தரும் முகாமுக்குப் போகவேண்டும் என்றாள். அந்தோணிசாமி அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம். முகாம் நடந்ததோ மாடியில். அந்தப் படிகளைப் பார்த்ததும் மனசு கேட்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். முனியம்மாள் கீழே டோக்கன் வாங்க நின்றாள்.

மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்.

“பேரு?”

“அந்தோணிசாமிங்க.”

“என்ன தொழிலு?”

“ஆட்டோங்க.”

“இங்க கையெழுத்து போடு.”

ஏதோ சாட்சிக் கையெழுத்து என்று நினைத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து அட்டை வந்தது. பொங்கலுக்கு ஊர் வந்த சின்னக்கண்ணு அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். தகப்பனார் பெயர்: அந்தோணிசாமி. மறுநாள் காலை இரண்டு பங்காளிகளோடு ஆட்டோ ஸ்டாண்டில் வந்து நின்றான்.

“இங்க யார்யா அந்தோணிசாமி? எம் பொண்ணுக்கு அப்பாவாமே?”

ஸ்டாண்டில் இருந்த அத்தனை ஆட்டோக்காரர்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு இது பத்து வருஷத்தில் கிடைக்காத சேதி.

“தம்பி, சத்தியமா நான் தூக்கிக்கினு மட்டுந்தாம்பா போனேன்!” என்றார் அந்தோணிசாமி. அது நிலைமையை இன்னும் கெடுத்தது. அடுத்த பஸ்ஸில் முனியம்மாள் வந்து இறங்கி, நடந்ததைச் சொல்லி, புருஷனை நாலு திட்டு திட்டிய பிறகுதான் பங்காளிகள் சட்டைக் கையை இறக்கிவிட்டார்கள்.

அட்டையைத் திருத்த அந்தோணிசாமியும் சின்னக்கண்ணுவும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறினார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் காகிதத்தைப் புரட்டினார்.

“அப்பா பேர மாத்தணும்னா பழைய அப்பா எழுதிக் குடுக்கணுமே. அவரு வருவாரா?”

அந்தோணிசாமி கையைத் தூக்கினார்.

“நீங்க அப்பா இல்லன்றதுக்கு என்ன ஆதாரம்?”

“நான்தாங்க ஆதாரம்!” என்று கத்தினான் சின்னக்கண்ணு. அது செல்லவில்லை. ரேஷன் கார்டு, இன்னொரு கடிதம், அப்புறம் வேறொரு மேசை என்று நாலு தடவை நடந்த பிறகே அட்டை திருந்தியது.

அந்த நாலு நடையில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற பெற்றோரிடம் அந்தோணிசாமி பேச்சுக் கொடுத்தார். அட்டையோடு வேலை முடிந்துவிடாது என்பது அங்கேதான் தெரிந்தது. வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கச் சிறப்பாசிரியர் உண்டாம், கை கால் பயிற்சி உண்டாம். ஆனால் முதலில் பள்ளிக்கூடத்தில் பேர் இருக்கவேண்டும். நடக்காத பிள்ளை என்று சொல்லிப் பள்ளிக்கூடம் தட்டிக்கழிக்கவும் கூடாதாம்.

சின்னக்கண்ணு பெங்களூருக்குத் திரும்பிவிட்டான். அந்தோணிசாமியே முனியம்மாளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியர் அரங்கநாதன் கையை விரித்தார்.

“புள்ள உழுந்து கிழுந்து வெச்சா யாருங்க பதில் சொல்றது? ஆமா, நீங்க யாரு?”

“பழைய அப்பாங்க.”

அரங்கநாதன் திரும்பி முனியம்மாளைப் பார்த்தார். அந்தோணிசாமி, வராந்தாவில் கற்ற பாடத்தைப் பணிவாக எடுத்துவிட்டார்.

“சேத்துக்க மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார். நாங்க விழுப்புரத்துல காட்டிக்கிறோம்.”

விண்ணப்பப் படிவம் உடனே மேசை டிராயரில் இருந்து கிடைத்தது.

மனு கொடுத்து, திரும்பவும் கொடுத்த பிறகு, ஒரு வியாழக்கிழமை சிறப்பாசிரியை இசைவாணி அந்தோணிசாமியின் ஆட்டோவிலேயே கலைமதியின் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து படங்களை எடுத்துக் கலைமதி முன்னால் வைத்தாள். கூழ் படம் ஒன்று, இட்லி படம் ஒன்று. எது வேணும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ரொம்ப நேரம். கலைமதியின் கை ஆடி ஆடிப் போய் இட்லியின் மேல் விழுந்தது. படங்களை இடம் மாற்றி வைத்தாள். அப்போதும் இட்லிதான்.

முனியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “அய்யோ! ஒம்பது வருசமா கேப்பைக் கூழு ஊத்திக்கினு இருக்கேன். புடிக்கலன்னு இப்பத்தான் சொல்றா பாருங்க.” சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் மாவு வாங்கிவர அந்தோணிசாமியை அனுப்பினாள்.

இட்லிக் கதையை அவள் போகிற இடமெல்லாம் சொன்னாள். தூரத்து இரும்பை கிராமத்திலிருந்துகூட இப்போது ஆட்கள் அந்தோணிசாமியைத் தேடி வருகிறார்கள். திங்கட்கிழமைகளில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அவர்களோடு விழுப்புரம் போகிறார். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரே சில சமயம் அவரைக் கூப்பிட்டு, “இதுக்கு எந்தப் படிவம்ப்பா?” என்று கேட்கிறார்.

சக்கர நாற்காலி வந்ததும் கலைமதி வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். போன மாதம் முனியம்மாள் அந்தோணிசாமிக்குப் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

“ண்ணா! ஸ்கூல்லேர்ந்து எம் பொண்ணு மேல கம்ப்ளைன்ட் வந்திருக்குது!”

வாய்ப்பாடு சொல்லும்போதெல்லாம் கலைமதி ‘வீட்டுக்குப் போகலாம்’ படத்தைத் தூக்கிக் காட்டுகிறாளாம். வகுப்பே சிரித்துப் பாழாகிறதாம்.

“என்னம்மா பண்ணப் போற?”

“என்ன பண்றது? எல்லா புள்ளைங்க மாதிரியும் எம் புள்ள மேலயும் கம்ப்ளைன்ட் வந்திருக்குது!”

ஒரு படி மல்லாட்டைக் கடலையை அவித்து எடுத்துக்கொண்டு, இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, டீச்சரிடம் திட்டு வாங்க அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.