கரும்பலகையில் ஒரு கிரேக்கத் தீவு

கோப்பை கழுவுவது மூளைக்கு வேலையில்லாத தொழில் என்று சொல்கிறவர்கள், எண்பதுகளில் கனடாவில், மொன்றியலில் கோப்பை கழுவாதவர்கள். கழுவிய எங்களுக்குத் தெரியும்.

பலகை

என் சாப்பாட்டுக் கடை முதலாளி ஸ்டாவ்ரோஸ் ஒரு சின்னக் கிரேக்கத் தீவுக்காரர். அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் குழப்பமே வராது. குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஒரு கரும்பலகை. அதில் 612 என்று மட்டும் எழுதியிருந்தது. அவருடைய தீவின் சனத்தொகையாம்! ஞாயிறு காலையில் ஊருக்குப் போன் எடுப்பார். யாராவது செத்திருந்தால் ஒன்றைக் குறைப்பார், பிள்ளை பிறந்திருந்தால் ஒன்றைக் கூட்டுவார். கூட்டியதை நான் கண்டதில்லை. என்னோடு கழுவிய செல்வம் அண்ணை சொன்னார்: "தம்பி, சூப்புக்கு உப்புப் போட மறந்தாலும் மனிசன் இதை மறக்கமாட்டார்."

கழித்தல்

ஒருநாள் தீவிலிருந்து அவருடைய மருமகன் வந்தான். பலகையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். அங்கே நூறு பேர்கூட இல்லையாம், பள்ளிக்கூடமும் பூட்டியாயிற்றாம். மிச்சப்பேர் இங்கே மொன்றியலில், சென்ட் லோரன்ட் தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டு, பலகையில் மட்டும் தீவில் குடியிருந்தார்கள். முப்பது வருடமாக இங்கே சூப் காய்ச்சும் முதலாளியும் அதில் ஒருவர். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "செத்தவனைக் கழிக்கலாம். பிளேன் ஏறினவனை எப்படிக் கழிப்பது?"

கடிதம்

மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கனடாவுக்குக் கூப்பிட, எனக்கு வேலை இருக்கிறதென்று முதலாளி கடிதம் தரவேண்டும். என்னுடையதும் தீவுதான், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில். இலங்கை நேவிக்காரன் வரும்போதெல்லாம் பிள்ளைகளோடு முள்ளுப் பற்றைக்குள் ஒளிப்பதாக அவள் எழுதுவாள். முதலாளியோ ஒரு கிழமை முழுக்கப் பேனையைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் தீவும் இப்படித்தான், நாலு நாலு பேராக வெறுமையானது."

சோக்கட்டி

அவர்கள் வந்திறங்கிய கிழமையே கடைக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைகளுக்குக் கேக் கொடுத்த முதலாளி, பலகையின் நடுவே ஒரு கோடு கீறி, சோக்கட்டியை என்னிடம் நீட்டினார். "உன் தீவில் எத்தனை பேர்?"

தீவு முழுவதற்கும் நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருக்கிற சனத்தையாவது எழுதலாமென்று மனைவியைக் கேட்டேன். "நாங்கள்தான் கடைசி. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டந்திட்டன்," என்றாள். பூச்சியம் எழுதப் போனேன். முதலாளி சோக்கட்டியைப் பறித்தார். வீடு வீடாக, யார் யார் இருந்தார்கள் என்று எங்களிடம் கேட்டு, எங்கே போயிருந்தாலும் உயிரோடிருக்கிற எல்லோரையும் கூட்டி 31 என்று எழுதினார். மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நாங்கள் இன்னும் அங்கதான் இருக்கிறமோ?"

அந்தக் குசினியில் வேலை செய்த பதினொரு வருடத்தில் நான் ஒருநாளும் கழுவாதது அந்தப் பலகை ஒன்றைத்தான்.